தனியாள் தொழிலுக்கு வாடிக்கை சேர்ப்பது எப்படி?

சுயதொழில் பாடம்



"தையல் பழகிட்டேன், மெஷினும் வாங்கிட்டேன், தைக்கத் துணிதான் வரமாட்டேங்குது." இந்தக் குறையைப் பல தோட்டங்களில் கேட்கலாம். கடன் பட்டு வாங்கிய மெஷின் காம்பராவின் ஒரு மூலையில் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். மாதத் தவணை மட்டும் தவறாமல் வரும்.

கைத்திறமை இல்லாததால் இப்படி ஆவதில்லை. பயிற்சி வகுப்பில் வெட்டவும் தைக்கவும் சொல்லித் தருகிறார்கள். தைத்ததற்கு ஆள் தேடவும், விலை சொல்லவும், காசை வாங்கவும் சொல்லித் தருவது குறைவு. இந்தப் பாடம் அதைப் பற்றியது. ஒருவராகவே செய்து, ஒருவராகவே விற்று, ஒருவராகவே கணக்குப் பார்க்கும் தொழிலுக்காக இதை எழுதுகிறோம். தையலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். முறுக்கு சுடுபவர்களுக்கும், சைக்கிள் திருத்துபவர்களுக்கும், முடி வெட்டுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

1. சந்தைப்படுத்தல் என்றால் என்ன?

சந்தைப்படுத்தல் என்றதும் ரேடியோ விளம்பரமும் பெரிய போர்டும் நினைவுக்கு வரும். அது அதில் ஒரு பகுதி மட்டுமே. 1960ஆம் ஆண்டு ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை நான்காகப் பிரித்துச் சொன்னார். இன்றுவரை வியாபாரப் பாடங்களில் அதைத்தான் முதலில் படிப்பிக்கிறார்கள்.

பொருள்: என்ன விற்கிறோம்?
விலை: எவ்வளவுக்கு விற்கிறோம்?
இடம்: வாங்குபவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?
அறிவித்தல்: நம்மிடம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இது நமக்கு ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. தோமஸ் லிப்டன் என்பவர் 1871இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு சிறிய பலசரக்குக் கடையைத் திறந்தார். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதென்ன முதலான தோட்டங்களை வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கே கடைக்காரர்கள் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி, கண் முன்னே நிறுத்துக் கொடுப்பார்கள். நிறை சரியா, நேற்று வாங்கிய அதே தூள்தானா என்று வாங்குபவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். லிப்டன் ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பைக்கட் போட்டு, பெயர் அச்சடித்து விற்றார். ஜனங்களின் சந்தேகத்தைத் தீர்த்தார், ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. கொழுந்து எடுப்பது மலையில், விலை பேசுவது ஏலத்தில், பெயர் போட்டு விற்பது வெளிநாட்டில் என்று வேலை பிரிந்துபோனதால், விற்கும் வித்தை நம் கைக்கு வரவில்லை. சுயதொழில் செய்யும்போது செய்வதும் விற்பதும் ஒரே கைதான். ஆகவே அந்த வித்தையை நாம் கற்றே ஆகவேண்டும்.

2. யாருக்கு என்ன தைக்கலாம்?

"எல்லாருக்கும் எல்லாம் தைப்பேன்" என்பது நல்ல பதில் போலத் தோன்றும். ஆனால் ஒரு ஆள், ஒரு மெஷின். அதற்குத் தக்கபடி ஆளையும் வேலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் போட்டி யார் என்று பாருங்கள். மகரகமவுக்குப் பக்கத்தில் உள்ள பமுனுவ போன்ற இடங்களிலிருந்து மலிவான ரெடிமேட் உடுப்பு டவுன் கடைகளுக்கு வருகிறது. மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கே வந்து தவணைக்குக் கொடுக்கிற வியாபாரிகளும் உண்டு. சின்னப் பிள்ளையின் கவுனை அவர்கள் விலைக்கு நாம் தைக்க ஏலாது. அதில் போட்டி போட்டால் நட்டம்தான்.

அவர்களால் ஏலாதது என்ன என்று தேடுங்கள்.

அளவு: சேலைக்குப் பிளவுஸ் ரெடிமேடாக வாங்கினால் எல்லாருக்கும் பொருந்தாது. அளவெடுத்துத் தைத்தால்தான் சரிவரும்.

சீருடை: பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சீருடை, துணியாகவே கைக்கு வருகிறது. யாராவது தைக்கத்தான் வேண்டும். வளரும் பிள்ளைக்குக் கீழே இரண்டு அங்குலம் மடிப்பு விட்டுத் தைத்து, "அடுத்த வருஷம் இறக்கிக்கலாம்" என்று தாயிடம் சொல்லுங்கள். ஒரு சீருடை இரண்டு வருஷம் போகும் என்றால் அந்தத் தாய் வேறு இடம் தேடமாட்டாள்.

திருத்த வேலை: சிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, களிசானைக் குட்டையாக்குவது, சேலைக்கு ஓரம் அடிப்பது. ரெடிமேட் விற்கிறவர் இதைச் செய்ய மாட்டார். அவர் விற்ற உடுப்பே நம்மிடம் வேலையாக வரும்.

மலை வேலைக்கானது: கொழுந்து எடுக்கும் அக்காமார் இடுப்பில் கட்டும் படங்குக்கு ஓரம் மடித்து, பலமான நாடா பிடித்துக் கொடுக்கலாம். பழைய களிசான் துணியில் உள்பை வைத்துத் தரலாம். மழைக்காலத்தில் இது கட்டாயம் தேவைப்படும்.

இந்த நான்கில் உங்களுக்கு நன்றாக வருவது இரண்டை எடுத்து, அதில் பெயர் வாங்குங்கள். "பிளவுஸ்னா மேட்டு லயத்து அக்கா" என்று நாலு பேர் சொன்னால் அதுவே உங்கள் போர்டு.

3. விலை சொல்வது

நம்மில் பலர் விலை சொல்லும்போது வெட்கப்படுகிறோம். "பக்கத்து லயத்துப் பிள்ளைதானே, பார்த்துக் குடுங்க" என்கிறோம். பார்த்துக் கொடுப்பவர் குறைத்துத்தான் கொடுப்பார். கணக்குப் போட்டு விலை சொன்னால் வெட்கம் போய்விடும்.

ஒரு பிளவுஸை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்.

நூல், ஊக்கு: 60 ரூபா
மின்சாரம், ஊசி, எண்ணெய், மெஷின் தேய்மானம்: 40 ரூபா
நேரம்: வெட்டி, தைத்து, ஊக்கு வைத்து முடிக்க இரண்டரை மணித்தியாலம்

நேரத்துக்கு என்ன விலை? நமக்குத் தெரிந்த அளவுகோல் ஒரு பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 169 ரூபா. இரண்டரை மணிக்கு 422 ரூபா. மொத்தம் 60 + 40 + 422 = 522 ரூபா. மெஷின் பழுதானால் திருத்தவும், நூல் மொத்தமாக வாங்கவும் இன்னும் 53 ரூபா ஒதுக்குங்கள். விலை 575 ரூபா.

இப்போது ஒருவர் 400 ரூபாவுக்குத் தைத்துக் கொடுக்கிறார் என்று வைப்போம. செலவு 100 போனால் மிச்சம் 300. இரண்டரை மணிக்கு 300 என்றால் மணிக்கு 120. எட்டு மணிக்கு 960. அதாவது மெஷினும் அவருடையது, மின்சாரமும் அவருடையது, கண் எரிவதும் அவருக்கு, கிடைப்பதோ ஒரு பேருக்கு 390 ரூபா குறைவு! இதைத் தெரியாமலே பலர் வருஷக்கணக்கில் தைக்கிறார்கள். "தையல்ல ஒண்ணும் மிஞ்சலங்க" என்பதன் அர்த்தம் இதுதான்.

உங்கள் தோட்டத்தில் இன்று ஒரு பேருக்கு என்ன கிடைக்கிறதோ, உங்கள் டவுனில் இன்று நூல் என்ன விலையோ, அந்தத் தொகைகளைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். 2022இல் சாமான் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்போது பழைய விலையையே வைத்திருந்தவர்கள் கைக்காசைப் போட்டுத் தைத்தார்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைத் திருப்பிப் பாருங்கள். விலை கூட்டுவதானால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று கூட்டினால்தான் மனவருத்தம் வரும்.

கணக்குப் பார்த்து வந்த விலையில் ஆள் வராவிட்டால்? விலையை வெட்டுவதற்கு முன் நேரத்தை வெட்டப் பாருங்கள். ஒரே நிறத் துணிகளைச் சேர்த்து வைத்து ஒரேயடியாகத் தைத்தால் நூல் மாற்றும் நேரம் மிச்சம். நான்கு பிளவுஸை ஒன்றாக வெட்டி, ஒன்றாகக் கைபிடித்து, ஒன்றாக ஊக்கு வைத்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நேரம் குறையும்.

4. இரண்டு கைக்கு எத்தனை சட்டை?

தனியாள் தொழிலில் வாடிக்கை குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து. இந்த இரண்டாவது ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பகலில் கொழுந்துக்குப் போகும் ஒரு அக்கா, மாலையில் சமையல் முடித்துவிட்டு இரண்டரை மணித்தியாலம் தைக்கிறார். ஆறு நாளைக்கு 15 மணி. ஞாயிற்றுக்கிழமை 5 மணி. வாரத்துக்கு 20 மணித்தியாலம், அதாவது 8 பிளவுஸ். தீபாவளிக்கு முந்திய நான்கு வாரத்தில் 32 பிளவுஸ். அதற்கு மேல் ஏலாது.

ஆனால் தீபாவளி என்றால் 50 பேர் வருவார்கள். யாரையும் திருப்ப மனம் வராது. வாங்கி வைத்தால் 18 பிளவுஸ் கூடுதல், 45 மணித்தியால வேலை. தூக்கத்தை விட்டுத் தைப்பார். கைக்குழி கோணும், அளவு பிசகும். விடிந்தால் தீபாவளி, பத்துப் பேருக்குச் சட்டை இல்லை. பிள்ளை புதுசு இல்லாமல் நிற்கும். அந்தப் பத்துக் குடும்பமும் அடுத்த வருஷம் வராது. அவர்கள் மலையில் நிரை பிடித்து நிற்கும்போது பேசுவதைக் கேட்கும் இன்னும் இருபது பேரும் வரமாட்டார்கள்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு சீ.ஆர். கொப்பியில் பண்டிகைக்கு முன் 28 கோடு போடுங்கள். நான்கு பிளவுஸின் நேரம் காய்ச்சலுக்கும் கரண்ட் வெட்டுக்கும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கோட்டிலும் பெயர், துணி வந்த திகதி, கொடுக்கும் திகதி, முற்பணம் எழுதுங்கள். 28 நிறைந்ததும், "அக்கா, தீபாவளிக்கு என் கையில இடமில்ல. பொய் சொல்லி வாங்கி வைக்க எனக்கு மனசு வரல. கார்த்திகைக்குத் தைச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவருக்குக் கோபம் வரலாம். அடுத்த வருஷம் ஒரு மாதம் முன்னாலேயே துணியோடு வருவார்.

முன்கூட்டி வருபவருக்கு 25 ரூபா குறைத்துக் கொடுக்கலாம். கடைசி வாரத்துக் கூட்டத்தை முன் வாரங்களுக்குத் தள்ளுவதற்கு இது நல்ல உபாயம்.

5. கடன்

இது லயத்தில் மிகவும் கஷ்டமான பாடம். டவுன் கடைக்காரர் சுவரில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று எழுதி மாட்டிவிடலாம். நாம் அப்படி மாட்ட ஏலாது. வாங்குபவர் அத்தையாக இருப்பார், சம்பந்தியாக இருப்பார், நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவராக இருப்பார்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பத்துப் பிளவுஸ் தைத்தால் ஒதுக்குவது 530 ரூபா. அதில் இரண்டு பேர் காசு தராவிட்டால் போவது 1,150 ரூபா. ஒதுக்கியதும் போய், உழைத்த கூலியில் இன்னும் 620 ரூபாவும் போகிறது. பத்தில் இரண்டு கடன் போதும், தொழில் படுத்துவிடும்.

ஒரேயடியாக இல்லை என்று சொல்லாமல், ஒரு வழக்கத்தை உண்டாக்குங்கள்.

"தங்கச்சி, சட்டைய இப்ப தைச்சுக் குடு. சம்பளத்துக்குத் தர்றேன்."

"ஒங்களுக்குத் தைக்காம யாருக்குத் தைக்கப்போறேன் அக்கா? நூலு, ஊக்கெல்லாம் நான் டவுன்ல காசு குடுத்துத்தான் வாங்கியாறேன். பாதிய இப்ப குடுத்திருங்க. மீதிய சட்டைய வாங்கும்போது குடுங்க. சட்டைய சம்பளத்தன்னைக்கே ரெடி பண்ணிர்றேன்."

இதில் மூன்று காரியம் நடக்கிறது. நூல் செலவு கைக்கு வந்துவிடுகிறது. பாதிக் காசு கொடுத்தவர் சட்டையை வாங்காமல் விடமாட்டார். கொடுக்கும் திகதி சம்பள நாளோடு பொருந்துகிறது. சம்பளம் பத்தாந் திகதி என்றால் பதினைந்தாந் திகதி சட்டை கொடுத்து என்ன பயன்? அதற்குள் கடைக் கடனும் சீட்டுக் காசும் கொண்டு போயிருக்கும். உங்கள் தோட்டத்துச் சம்பள நாளையும் அட்வான்ஸ் நாளையும் கொப்பியில் குறித்து, அதை ஒட்டியே வேலையை முடியுங்கள்.

இந்தச் சட்டத்தைச் சொந்தக்காரருக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். மெய்யாகவே கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவ நினைத்தால், உங்கள் வீட்டுக் காசிலிருந்து உதவுங்கள். தொழில் காசில் கை வைக்காதீர்கள். வீட்டுக் காசும் தொழில் காசும் இரண்டு டின்னில் இருக்க வேண்டும்.

6. நாலு பேருக்குத் தெரிவது

காசு செலவில்லாத வழிகளையே முதலில் செய்யுங்கள்.

நீங்கள் உடுத்துவது: தையல்காரி கிழிந்த சட்டையோடு கோயிலுக்குப் போனால் யார் துணி கொடுப்பார்? தேர்த் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் நீங்கள் தைத்ததை நீங்களே உடுத்திப் போங்கள்.

பலர் பார்க்கும் ஒருவர்: பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து ஆசிரியை போல, தினமும் பல தாய்மாரைச் சந்திக்கும் ஒருவருக்கு மிகக் கவனமாகத் தைத்துக் கொடுங்கள். இலவசமாக வேண்டாம். இலவசத்துக்கு மதிப்பில்லை.

அளவுக் கொப்பி: ஒவ்வொருவரின் அளவையும் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை துணியை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் போதும். கொழுந்து நிறுத்துவிட்டு அலுத்து வரும் பெண்ணுக்கு இது பெரிய உதவி. புதிதாக வருபவரிடம், "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். எந்த வழியில் ஆள் வருகிறது என்று தெரியும். சொல்லி அனுப்பியவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

பெயர்த் துண்டு: சட்டையின் உட்பக்கம் ஒரு சின்ன நாடாவில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதித் தையுங்கள். லிப்டன் பைக்கட்டில் பெயர் போட்டதும் இதற்குத்தான். பெயர் போட்டால் வேலையும் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

போன்: தைத்த சட்டையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம். விலையையும் சேர்த்துப் போடுங்கள். ஒருவர் உடுத்தியிருக்கும் படம் என்றால் அவரிடம் கேட்காமல் போடக் கூடாது. குமரிப் பிள்ளைகளின் படத்தைப் போடவே வேண்டாம்.

குறை வந்தால்: "இடுப்பு லூசா இருக்கு" என்று யாராவது வந்தால் வாதாட வேண்டாம். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் காசில்லாமல் திருத்தித் தருவேன் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். திருத்தி வாங்கிய பெண் உங்களை நல்ல விதமாகவே பேசுவாள்.

இடம்: மேல் டிவிசன்காரர் உங்கள் லயத்துக்கு ஏறி இறங்க மாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அங்கே போய், ஒரு வீட்டில் இருந்து அளவெடுத்து, துணி வாங்கி வரலாம். வரும் நாளை ஒரு வாரம் முன்னால் சொல்லி அனுப்புங்கள். சொன்ன நாளில் மழை என்றாலும் போங்கள்.

7. போர்டும் பதிவும்

உங்கள் சொந்த முழுப் பெயரில்லாமல் வேறொரு பெயர் வைத்து வியாபாரம் நடத்தினால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றும், இடத்தைப் பற்றிய பத்திரமும் கேட்பார்கள். லயத்து வீடு நம் பெயரில் இல்லாததால், தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படும். போர்டு மாட்டுவதற்கு முன்னும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் சேமநல உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள். பதிவு இருந்தால் வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்கவும் கடன் கேட்கவும் சுலபம்.

தின்பண்டம் செய்பவர்கள் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் முதலிலேயே ஆலோசனை கேளுங்கள். பைக்கட்டில் பண்டத்தின் பெயர், சேர்த்த பொருட்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, விலை, உங்கள் பெயர் விலாசம் இருக்க வேண்டும். கடைக்குக் கொடுக்கும்போது விற்காததைத் திருப்பி எடுப்பது எப்படி, காசு எந்த நாளில் என்று பேசி, கொப்பியில் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பயிற்சி

வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்குகள் வரும்.

1. நீங்கள் செய்யும் ஒரு பொருளுக்குச் சாமான் செலவு எவ்வளவு? எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது?
2. உங்கள் தோட்டத்து ஒரு பேரின் கணக்குப்படி அதன் விலை என்ன? இப்போது எவ்வளவுக்குக் கொடுக்கிறீர்கள்?
3. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்கும்? அதில் எத்தனை பொருள் முடியும்?
4. உங்களுக்கு வரவேண்டிய கடன் எவ்வளவு? அதில் மூன்று மாதத்துக்கு மேற்பட்டது எவ்வளவு?
5. கடைசியாக வந்த ஐந்து பேரும் யார் சொல்லி வந்தார்கள்?

இரண்டாம் கேள்வியின் இரண்டு தொகைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டுங்கள். அடுத்த துணியோடு ஆள் வரும்போது அதை ஒருமுறை பார்த்துவிட்டு விலையைச் சொல்லுங்கள்.